பன்னிரண்டு லட்சத்தை ஃபர்னஸின் எந்தப் பக்கத்தில் போடுவது?

சென்னை மண்ணூர்பேட்டைப் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப் (இரும்பு உருப்படிகளைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறை) வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு மழைநாள் மாலையில் போன் செய்தார். "அண்ணே, கையில பன்னெண்டு லட்சம் இருக்கு. மூணு பேர் வந்து மூணு கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் லைனிங் மாத்துங்கறார், ஒருத்தர் ரெக்யூபரேட்டர் போடுங்கறார், இன்னொருத்தர் பர்னரையே மாத்துங்கறார். என் மச்சான் என்னடான்னா டீசலே வேணாம், கரண்டுக்குப் போயிடுங்கறான். எதுல போடறது?"

லைனிங் என்பது உலையின் உட்சுவர். ரெக்யூபரேட்டர் என்பது சிம்னிக்குப் போகும் சூட்டைப் பிடித்துப் பர்னர் காற்றைச் சூடாக்கும் கருவி. மூன்று கொட்டேஷனையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். முதலாமவர் 35 சதவீதம் டீசல் மிச்சம் என்று எழுதியிருந்தார். அடுத்தவர் 30, மூன்றாமவர் 25. கூட்டினால் 90. மூன்றையும் செய்துவிட்டால் டீசல் வாங்கப் போகவே வேண்டாம் போலிருக்கிறது.

மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தோதான ஃபர்னஸை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். முப்பது வருஷமாக இந்த உலைகளுக்குச் செங்கல் அடுக்குவதிலிருந்து பேனல் வயரிங் வரை பார்த்த பழக்கத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: வாரத்தில் எத்தனை மணி நேரம் எரிகிறது? எந்த வழி லாபம் என்பதை இந்த ஒரு பதில் தலைகீழாக்கிவிடும்.

தம்பியின் ஃபர்னஸ் சாதாரண போகி ஃபர்னஸ். உருப்படிகளைப் போகி என்னும் தண்டவாள வண்டியில் ஏற்றி உள்ளே தள்ளும் வகை. உள்ளளவு ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், மூன்று மீட்டர் நீளம். சுற்றிலும் 230 மில்லிமீட்டருக்கு ஃபயர் பிரிக். இரண்டு டீசல் பர்னர். ஃபோர்ஜிங் (சூட்டில் அடித்து வடித்த) உருப்படிகளை நான்கு டன் ஏற்றி 900 டிகிரியில் நார்மலைசிங், அதாவது சூடேற்றிக் காற்றில் ஆறவிடுவது. ஒரே ஷிப்ட், ஒரு நாளைக்கு ஒரு சார்ஜ் (ஒருமுறை ஏற்றி இறக்குவது), ஞாயிறு லீவு. அவருடைய நோட்டில் ஒரு சார்ஜுக்குச் சராசரி 370 லிட்டர் டீசல் என்று இருந்தது. நோட்டு எழுதி வைத்திருந்ததே பெரிய விஷயம். தொழில் எஸ்டேட்டில் பாதிப் பேர் டேங்கர் பில்லை மாதக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

கணக்குக்குச் சில எண்களை முதலிலேயே வைத்துக்கொள்கிறேன். டீசல் லிட்டர் 92 ரூபாய், அதிலிருந்து கிடைக்கும் வெப்பம் சுமார் 8,500 கிலோ கலோரி. கரண்ட் யூனிட் 7 ரூபாய் 50 காசு, ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி. உங்கள் பில்லில் வேறு விலை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூடு எங்கே போகிறது

நான்கு டன் இரும்பை 900 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் கிலோ கலோரி வேண்டும். நமக்குக் கூலி கிடைப்பது இந்தச் சூட்டுக்கு மட்டும்தான். மீதியெல்லாம் தண்டம்.

அந்தத் தண்டத்தில் முதல் ஆள் சுவர். 230 மில்லிமீட்டர் ஃபயர் பிரிக் ஒரு சதுர மீட்டருக்கு 460 கிலோ எடை. உள்பக்கம் 900, வெளிப்பக்கம் 100 என்று முழுக்கச் சூடேறி நின்றால் ஒரு சதுர மீட்டர் 54 ஆயிரம் கிலோ கலோரியைக் குடித்துவிடும். பக்கச்சுவர், கூரை, முன்பின் எல்லாம் சேர்த்து 18 சதுர மீட்டர். ஆக 9 லட்சத்து 70 ஆயிரம். உருப்படிக்குத் தேவையானதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்!

ஒரு ஷிப்டுக்குள் செங்கல் முழுக்கச் சூடேறிவிடாது. ராத்திரியில் முழுக்க ஆறியும் விடாது. அதனால் பாதி என்று வைக்கிறேன். அப்போதும் தினமும் 4 லட்சத்து 90 ஆயிரம். காலையில் பர்னரைப் பற்றவைத்து இந்தச் சூட்டைச் சுவருக்கு ஊட்டி, சாயங்காலம் அணைத்து, ராத்திரி முழுக்க அதை மண்ணூர்பேட்டைக் காற்றுக்குத் தானம் செய்கிறோம்.

போகியின் மேல்தளம் ஒரு 1 லட்சத்து 20 ஆயிரம் எடுக்கும். வெளிச்சுவர், கதவிடுக்கு, சில்லறைக் கசிவுகளுக்கு 80 ஆயிரம். எல்லாம் சேர்த்து ஃபர்னஸுக்குள் தங்க வேண்டிய சூடு 12 லட்சத்து 70 ஆயிரம். வெறும் வெப்பக் கணக்குக்கு 150 லிட்டர் டீசல் போதும். ஆனால் நோட்டில் இருப்பது 370. மீதி 220 லிட்டர்?

சிம்னி. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காற்று, கதவு: செலவு குறைந்த வழி

சிம்னியின் அடியில் ஃப்ளூ கேஸ் (எரிந்து வெளியேறும் புகை) அனலைசரை விட்டுப் பார்த்தோம். ஆக்சிஜன் 10 சதவீதம். இதிலிருந்து அதிகப்படிக் காற்று எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சின்னக் கணக்கு இருக்கிறது. ஆக்சிஜன் அளவை, 21-லிருந்து அதே அளவைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 10-ஐ 11-ஆல் வகுத்தால் 91 சதவீதம். தேவையானதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று உள்ளே போகிறது. ஒரு கிலோ டீசல் எரியச் சுமார் 14 கிலோ காற்று போதும். இங்கே 27 கிலோ போய், அத்தனையும் 900 டிகிரிக்குச் சூடாகி வெளியே போகிறது. டீசலின் சூட்டில் 61 சதவீதம் சிம்னி வழியாகவே போய்விடுகிறது. உள்ளே நிற்பது 39.

ஆக்சிஜனை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அதிகப்படிக் காற்று 24 சதவீதமாகிறது, உள்ளே நிற்கும் சூடு 58 சதவீதமாகிறது. கணக்குப்படி டீசல் 380 லிட்டரிலிருந்து (நோட்டில் 370) 258-க்கு இறங்க வேண்டும். ஒரு ரூபாய்க்குப் புதுச் சாமான் வாங்காமல்!

நடைமுறையில் அப்படியே கிடைக்காது. அனலைசர் காட்டும் ஆக்சிஜன் எல்லாம் பர்னர் வழியாக வந்ததல்ல. கதவு சரியாக உட்காராத இடுக்கு, போகிக்கும் சுவருக்கும் நடுவே மணல் வற்றிப்போன சாண்ட் சீல் (மணல் அடைப்பு), சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் நுழையும் ஓட்டை, இவற்றின் வழியாகச் சிம்னி தன் இழுவையால் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. இது தெரியாமல் பர்னரின் காற்று வால்வை மட்டும் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அனலைசர் இன்னும் 7 காட்டிக்கொண்டிருக்கும், சிம்னியோ கரும்புகை கக்கும். பக்கத்து ஷாப்காரர் சண்டைக்கு வருவார். அதனால் முதலில் அடைக்க வேண்டியதை அடைக்க வேண்டும், அடுத்து டேம்பரை (சிம்னி வழியின் தடுப்புத் தகட்டை) ஒடுக்கி ஃபர்னஸுக்குள் வெளியைவிட ஒரு துளி கூடுதல் அழுத்தம் நிற்கும்படி செய்ய வேண்டும், கடைசியாகத்தான் பர்னர். கதவிடுக்கில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் உள்ளே இழுபட்டால் இன்னும் காற்று குடிக்கிறது என்று அர்த்தம்.

கதவைப் பற்றி இன்னொன்று. 900 டிகிரியில் திறந்த வாய் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவாட்டுக்கும் மேல் கதிர்வீச்சாக வெளியே வீசும். இந்தக் கதவின் அளவு 2.25 சதுர மீட்டர். போகியை இழுக்கச் செயினைத் தேடி, கிரேன் ஆபரேட்டரைத் தேடி, நடுவில் ஒரு டீயும் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் திறந்து வைத்தால், சிம்னி இழப்பையும் சேர்த்து அதிகபட்சம் எட்டு லிட்டர் டீசல். எழுநூறு ரூபாய்க்கு மேல். உள்ளே இருப்பதன் மேற்பரப்பு ஆற ஆற இது குறையும்தான். ஆனாலும் சென்னையில் இவ்வளவு விலைக்கு யாரும் டீ விற்கவில்லை.

இந்த வேலைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், கொஞ்சம் ஃபைபர் ரோப், இரண்டு மூட்டை சிலிக்கா மணல், கதவு ரோலருக்கு வெல்டிங். பர்னர் நாசிலையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். 370 லிட்டர் 295-க்கு இறங்கியது. கணக்கில் 120 லிட்டர், கையில் 75. எனக்கு இதுவே திருப்தி.

புதுப் பர்னர், காற்றையும் எண்ணெயையும் சேர்த்து ஓட்டும் ரேஷியோ கன்ட்ரோல் என்று வந்த 25 சதவீதக் கொட்டேஷனில் பெரும்பகுதி இப்படியே கைக்கு வந்துவிட்டது. தானியங்கி கன்ட்ரோல் வீண் என்று சொல்லவில்லை. கையால் வைத்த செட்டிங் ஆறு மாதத்தில் நழுவும், கன்ட்ரோல் நழுவாது. மூன்று ஷிப்ட் ஓட்டி, ஷிப்டுக்கு ஒரு ஆபரேட்டர் மாறுகிற இடத்தில் அது அவசியம். இங்கே ஒரே ஒரு மேஸ்திரி. பர்னர் சத்தத்தைக் கேட்டே காற்று அதிகமா குறைவா என்று சொல்லிவிடுவார். அவருக்கு மாதம் ஒருமுறை அனலைசரைக் காட்டினால் போதும்.

லைனிங்கா, ரெக்யூபரேட்டரா

அசல் போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

செராமிக் ஃபைபர் பிளாங்கெட் என்னும் சூடு தாங்கும் பஞ்சு விரிப்பின் எடை ஒரு கன மீட்டருக்கு 128 கிலோ. ஃபயர் பிரிக் 2,000 கிலோ. அதே 18 சதுர மீட்டரை 200 மில்லிமீட்டர் ஃபைபரில் செய்தால் அது குடிக்கும் சூடு மொத்தமே 56 ஆயிரம் கிலோ கலோரி. செங்கல் தினமும் குடிக்கும் 4 லட்சத்து 90 ஆயிரத்துடன் ஒப்பிட்டால் 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். சிம்னி இழப்பையும் சேர்த்து டீசலாக்கினால் ஒரு சார்ஜுக்கு 87 லிட்டர், எட்டாயிரம் ரூபாய். லைனிங்குக்குப் பத்து லட்சம் ஆகிறது என்றால் 125 வேலை நாளில் திரும்ப வந்துவிடும். கணக்கில் பாதிதான் கைக்கு வரும் என்று வைத்தாலும் பத்து மாதம். காலையில் சூடேறும் நேரமும் குறையும். ஒரு ஷிப்ட் ஷாப்புக்கு அது டீசலைவிடப் பெரிய வரவாகக்கூட இருக்கலாம்.

இனி ரெக்யூபரேட்டர். சிம்னிக்குப் போகும் சூட்டில் பர்னருக்கான காற்றைச் சூடாக்கிக் கொடுப்பது. ஃப்ளூ கேஸ் 870 டிகிரியில் இருந்து, காற்றை 315 டிகிரிக்குச் சூடாக்கினால் எரிபொருளில் 17 சதவீதம் மிச்சம் என்பது தொழிலில் எல்லோரும் பயன்படுத்தும் அட்டவணை. கணக்கில் வந்த 258 லிட்டரில் 17 சதவீதம் என்றால் 44 லிட்டர். மோசமில்லை. ஆனால் ஒரு ஷிப்ட் ஃபர்னஸில் காலை முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஃப்ளூ கேஸே சூடாக இருக்காது. செங்கலும் ஜில்லென்ற உருப்படியும் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ரெக்யூபரேட்டருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பின்பாதியில், உருப்படியை ஒரே சூட்டில் நிறுத்தி வைக்கும் சோக்கிங் நேரத்தில் ஃப்ளூ சூடாக இருக்கும், ஆனால் பர்னர் குறைந்த தீயில் எரிந்துகொண்டிருக்கும். ஆக 44-ல் பாதி வந்தாலே பெரிது. லைனிங்கையும் மாற்றிவிட்டால் மொத்த டீசலே 171-க்கு இறங்கிவிடுவதால், ரெக்யூபரேட்டரின் பங்கு 15 லிட்டருக்குச் சுருங்கும். கொட்டேஷன் சதவீதங்களைக் கூட்டக் கூடாது என்பது இதனால்தான். ஒன்று மிச்சம் பிடித்ததில்தான் அடுத்தது சதவீதம் பார்க்கிறது.

இதே ஃபர்னஸை மூன்று ஷிப்ட் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 18 சார்ஜ். உருப்படிகளுக்குப் போகும் சூடு 104 லட்சம் கிலோ கலோரி. சுவர் திங்கட்கிழமை ஒருமுறை 9 லட்சத்து 70 ஆயிரத்தைக் குடித்துவிட்டு, வாரம் முழுக்கக் கம்மென்று இருக்கும். அதாவது உருப்படியின் பங்கில் பத்தில் ஒன்றுகூட இல்லை. லைனிங் மாற்றி அதை மிச்சம் பிடித்து என்ன பெரிதாகக் காணப்போகிறோம்? அதே நேரம் சிம்னி வாரம் பூராவும் சூடாக ஊதிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு 2,600 லிட்டர் எரியும் இடத்தில் 15 சதவீதம் என்றால் 390 லிட்டர், முப்பத்தாறாயிரம் ரூபாய். அங்கே ரெக்யூபரேட்டர்தான் முதல் வேலை. லைனிங் காத்திருக்கலாம், பழைய செங்கல் விழும்வரை.

இரண்டு கொட்டேஷன்காரர்களும் உண்மை சொன்னார்கள் என்றது இதைத்தான். ஒருவர் மனதில் அணைத்து அணைத்து எரியும் ஃபர்னஸ், மற்றவர் மனதில் அணையாத ஃபர்னஸ்.

ரெக்யூபரேட்டரில் நான் பட்ட ஒரு அடியையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்பு, திருமழிசைப் பக்கம் ஒரு ஷாப்பில் நான் மெயின்டனன்ஸ் பார்த்தபோது ரெக்யூபரேட்டர் போட்டோம். எட்டே மாதத்தில் டியூப்கள் வளைந்து ஓட்டை. காரணம் தேடினால், சாயங்காலம் பர்னரை நிறுத்தும்போது ப்ளோயரையும் சேர்த்தே நிறுத்தும் பழைய இன்டர்லாக்கை நான் மாற்றவில்லை. காற்று நின்றுவிட்டது, ஃப்ளூ மட்டும் 800 டிகிரியில் டியூபைச் சுற்றி நின்றது. டியூபைக் குளிர்விப்பதே உள்ளே ஓடும் காற்றுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்னொன்று: 300 டிகிரியில் காற்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பழைய பைப், பழைய பர்னர், பழைய செட்டிங் எதுவும் அதற்குப் பொருந்தாது. சூடான காற்றுக்கென்றே செய்த பர்னர் வேண்டும், காற்று விகிதத்தைப் புதிதாக வைக்க வேண்டும். கொட்டேஷனில் இந்தச் செலவு கண்ணில் படாத இடத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஃபர்னஸ் ஆயில் எரிப்பவர்கள் என்றால் புகைக்கரி படிவதையும் கந்தக அரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் லைனிங்கும் குறையில்லாத சாமான் அல்ல. கிரேனில் தொங்கும் உருப்படி ஒருமுறை இடித்தால் பஞ்சு மாதிரி பிய்ந்துவரும். பர்னர் ஜுவாலை நேராக அடிக்கும் இடத்தில் அரிக்கும். அங்கே செங்கலோ, சூடு தாங்கும் கான்கிரீட்டான கேஸ்டபிளோதான் வேண்டும். 1,260 டிகிரி கிரேடு என்றால் 1,260 வரை ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. நிரந்தரமாக ஓட்ட அதற்கு நூறு நூற்றைம்பது டிகிரி கீழேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கி இடுக்கு விடும். 900-க்கு அது தாராளம். 1,200-ல் ஃபோர்ஜிங் சூடேற்றுபவர்கள் மேல் கிரேடு கேட்க வேண்டும்.

அனீலிங் (மெதுவாக ஆறவிட்டு இரும்பை மிருதுவாக்குவது) ஆர்டர் வாங்குபவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். பர்னரை அணைத்துவிட்டுச் செங்கல் சூட்டிலேயே மெதுவாக ஆறவிடுவது நம் ஊர்ப் பழக்கம். ஃபைபர் சுவரில் தேங்கிய சூடு இல்லாததால் ஃபர்னஸ் சட்டென்று இறங்கிவிடும். சிறுதீயில் கன்ட்ரோல் வைத்து இறக்க வேண்டிவரும். முழு லைனிங்குக்கு மனம் வராதவர்கள் நல்ல நிலையில் இருக்கும் செங்கலின் மேல் 50 மில்லிமீட்டர் ஃபைபரை ஒட்டும் வழியையும் பார்க்கலாம். செலவு குறைவு, பலனும் பாதிதான், கொஞ்சம் தேக்கமும் மிஞ்சும்.

ஃபைபர் வேலையில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பல வருஷம் சூட்டில் கிடந்த ஃபைபரைப் பிரிக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அதில் சிலிக்காவும் உருவாகியிருக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு பிரிக்கும் ஆட்களை இன்றும் பார்க்கிறேன். நல்ல மாஸ்க் போடச் சொல்லுங்கள், நனைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், மூட்டையில் கட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

மச்சான் சொன்ன கரண்ட்

மச்சான் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆயிரம் கிலோ கலோரிக்கு டீசலில் 10 ரூபாய் 80 காசு, கரண்டில் 8 ரூபாய் 70 காசு. சூட்டின் விலையே குறைவு, அதோடு ஹீட்டிங் எலிமென்ட் ஃபர்னஸுக்குச் சிம்னி இழப்பே இல்லை. ஃபைபர் லைனிங்கோடு கணக்குப் போட்டால் ஒரு சார்ஜுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் கிலோ கலோரி, அதாவது 980 யூனிட். 7,350 ரூபாய். அதே லைனிங்கோடு டீசலில் 171 லிட்டர், 15,700 ரூபாய். பாதிக்கும் குறைவு!

இங்கே மச்சான்கள் நிறுத்திவிடுவார்கள். டிமாண்ட் சார்ஜ், அதாவது யூனிட் விலைக்கு மேல் எடுக்கும் கரண்டின் உச்ச அளவுக்குக் கட்டும் கட்டணம், மாதக் கடைசியில் வரும். ஒரே ஷிப்டில் 900-ஐ எட்ட 200 கிலோவாட் வேண்டும். ஒரு கேவிஏவுக்கு (இங்கே கிலோவாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்) மாதம் 600 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம். 25 நாளில் வகுத்தால் தினம் 4,800. காலை உச்ச நேரத்தில் எச்டி (உயர் அழுத்த) இணைப்புக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். ஃபர்னஸ் பசியோடு இருப்பது அந்த நேரத்தில்தான். எல்லாம் சேர்த்தால் 13,000 பக்கம் வந்து நிற்கும். மிச்சம் இருக்கிறது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், எச்டி பேனல், கரண்டைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர், எலிமென்ட் எல்லாம் பன்னிரண்டு லட்சத்துக்குள் வராது. மூன்று ஷிப்ட் ஓட்டினால் அதே டிமாண்ட் சார்ஜ் மூன்று சார்ஜுக்குப் பிரிந்துவிடும், ராத்திரியில் கட்டணச் சலுகையும் உண்டு. அப்போது கரண்டை யாரும் தோற்கடிக்க முடியாது. ஷிப்ட் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது, பாருங்கள்.

இன்னும் ஒன்று, இது சென்னைக்காரர்களுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் நின்றது பலருக்கு மறந்திருக்காது. போகி ஃபர்னஸுக்குத் தண்டவாளப் பள்ளம் இருக்கும். தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும். செங்கல் நனைந்தால் இரண்டு நாள் சிறுதீயில் காயவைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு ஏற்றினால் உள்ளிருக்கும் நீராவி செங்கலை வெடிக்கவைக்கும், அது வேறு கதை. தைரிஸ்டர் பேனல் நனைந்தால் அவ்வளவுதான். கரண்டுக்குப் போவதென்றால் பேனலை மேடை கட்டி ஏற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்ணூரில் 2019-ல் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையம் வந்தபிறகு குழாய் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக எஸ்டேட்டுகளை எட்டுகிறது. உங்கள் தெருவுக்கு லைன் வந்திருந்தால் ஒரு கன மீட்டர் விலையைக் கேளுங்கள். 90 ரூபாய்க்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ, டீசலைவிட அவ்வளவு லாபம். சுத்தமாக எரியும், டேங்கர் வேண்டாம், ரெக்யூபரேட்டரில் கரி படியாது. ஆனால் ஓட்டைக் கதவு கேஸில் எரிந்தாலும் ஓட்டைக் கதவுதான்.

ஓவன் வைத்திருப்பவர்களுக்கு

திருமுடிவாக்கத்தில் பவுடர் கோட்டிங் செய்யும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு ரெக்யூபரேட்டர் கேட்டுக் கிளம்ப வேண்டாம். 180, 200 டிகிரி ஓவனில் எக்ஸாஸ்டே அவ்வளவு சூடுதான். அதிலிருந்து பிடிக்க அதிகம் இல்லை. சுவர் ஏற்கெனவே சூட்டைத் தடுக்கும் ராக்வூல் பேனல். அங்கே சூடு போவது கன்வேயர் நுழையும் வாய் வழியாகவும், யாரோ எப்போதோ முழுக்கத் திறந்து வைத்த எக்ஸாஸ்ட் டேம்பர் வழியாகவும். சூடான காற்று மேலேறும் என்பதால், கன்வேயரை ஏற்றி இறக்கி ஒட்டகத் திமில் மாதிரி ஓவனை உயரத்தில் அமைத்தால் வாய் திறந்திருந்தாலும் சூடு உள்ளேயே நிற்கும். புது ஓவன் போடுபவர்கள் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

சாமானை மாட்டித் தொங்கவிடும் ஹேங்கரின் எடையையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அரை கிலோ பிராக்கெட்டுக்கு ஒரு கிலோ ஹேங்கர் மாட்டியிருந்தால், உலோகத்துக்குப் போகும் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஹேங்கரைத்தான் வேகவைக்கிறது. ஒரு எச்சரிக்கை: தின்னர் கலந்த பெயின்ட் ஓடும் ஓவனில் எக்ஸாஸ்டை இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். ஆவி சேர்ந்தால் வெடிக்கும்.

பேக்கரிச் செங்கல் அடுப்புக்கு நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே செங்கல் குடிக்கும் சூடுதான் சரக்கு. நன்றாக எரித்து, தணலை வாரிவிட்டு, அந்தச் சூட்டில் பன், ரொட்டி, அப்புறம் ஆற ஆற ரஸ்க். அதில் போய் யாராவது ஃபைபர் ஒட்டினால் பேக்கரி மாஸ்டர் கரண்டியை எடுத்துக்கொண்டு வருவார்.

தம்பி என்ன செய்தார்

கதவு, சீல், டேம்பர் வேலை முடிந்து ஒரு மாதம் நோட்டைப் பார்த்தோம். 295 நிலைத்தது. அதற்கப்புறம்தான் லைனிங்குக்குப் பணம் கட்டச் சொன்னேன். இந்த வரிசையை மாற்றியிருந்தால் எது எவ்வளவு கொடுத்தது என்றே தெரிந்திருக்காது. லைனிங்காரர் எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார். சுவரும் கூரையும் கதவும் ஃபைபர். இடி வாங்கும் கீழ்ப்பகுதி ஒரு அடி உயரத்துக்கும் பர்னர் வாயைச் சுற்றியும் செங்கல். போகித் தளத்தில் கைவைக்கவில்லை. நான்கு டன் உட்காரும் இடத்தில் பஞ்சுக்கு வேலை இல்லை.

ரெக்யூபரேட்டர் வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் சிம்னி டக்டில் வேலை நடக்கும்போதே அதற்கான ஃபிளாஞ்ச் ஒன்றை வைத்து பிளேட் போட்டு மூடச் சொன்னேன். இரண்டாவது ஷிப்டுக்கு ஆர்டர் வந்தால் அப்போது பேசலாம். வந்தால் மச்சானையும் கூப்பிட வேண்டியிருக்கும். அன்றைக்குக் கணக்கில் கரண்டே முந்தினாலும் ஆச்சரியமில்லை.

செலவுக்கு உதவியாகத் தமிழக அரசின் பீஸ் (PEACE) திட்டம் இருக்கிறது. சிறு தொழிற்கூடங்கள் எனர்ஜி ஆடிட் செய்தால் அந்தச் செலவில் முக்கால் பங்கையும், ஆடிட்டில் சொன்ன இயந்திரத்தை வாங்கினால் அதில் ஒரு பங்கையும் திருப்பித் தருவது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, ஆடிட்டை முதலில் முடித்துவிட்டு அப்புறம் சாமான் வாங்குங்கள். தம்பி லைனிங் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு இதைச் சொன்னார்.

லைனிங் முடிந்து மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தேன். நோட்டில் 228, 231, 240, 226. 240 ஏன் என்று கேட்டேன். மேஸ்திரி கதவுப் பக்கம் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்கு கிரேன் ரிப்பேர் சார்."

"கிரேன் ரிப்பேர்னா கதவை ஏன் திறந்தீங்க?"

"திறந்தப்புறம்தான் சார் ரிப்பேர்னு தெரிஞ்சுது."